பழைய கணினியும் புதிய விளையாட்டும்

மேல்தோல் கெடாமலிருக்க, அடி மட்டும் தேய்ந்துபோன பூட்ஸை ஆம்பூர்வாசிகள் குப்பையில் எறிந்துவிடுவதில்லை. அடியை மாற்றித் தைப்பித்து இன்னும் இரண்டாண்டு நடப்பர். மேல்தோலே வெடித்துப்போயின் அதற்குப் புதிய அடி வைப்பதும் இல்லை. எந்தப் பாகம் இன்னும் உழைக்கும், எந்தப் பாகம் ஓய்ந்துவிட்டது என்று ஆராய்ந்த பின்னரே பணப்பையைத் திறக்கும் இப்பழக்கம், தோல் தொழிலில் வளர்ந்த நம் ஊர்களுக்கு இயல்பானது. ஆயினும் அதே வீட்டுப் பிள்ளை பழைய கணினியொன்றை வைத்துக்கொண்டு புதிய விளையாட்டொன்றை ஆட விரும்பும்போது, இவ்விவேகம் எங்கோ மறைந்துவிடுகிறது. விளம்பரம் எதைப் புகழ்கிறதோ அதனை வாங்குகிறான். வாங்கியதைப் பூட்டிய பின்னரும் விளையாட்டு முன்போலவே தடுமாறுகிறது. பத்து, பன்னிரண்டு ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட மேசைக் கணினியில் எதனை மாற்றுதல் தகும், எதனை மாற்றுதல் வீண் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினியில் விளையாடுதல் காலத்தைக் கொல்லுவதாகும் என்று கருதும் பெரியோர் பலர் உளர். அவ்வழக்கை ஈண்டு விசாரிக்கப் புகவில்லை. விளையாட்டுக்காகச் செலவாவது பெரும்பாலும் தந்தையோ தாயோ காலணித் தொழிற்சாலையில் நின்று உழைத்து ஈட்டிய பொருளாதலின், அது வீண்போகாதிருத்தல் வேண்டும் என்ற அளவில் இரு கட்சியாரும் உடன்படுவர்.

நம் பகுதி வீடுகளில் காணப்படும் பழைய மேசைக் கணினிகளுள் பல, அலுவலகங்களில் சில ஆண்டுகள் உழைத்துக் கழிக்கப்பட்டுப் பின் கைமாறி வந்தவை. ஆம்பூர் இருப்புப் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே கிடக்கின்றது. கிழக்கே சென்றால் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெரு. மேற்கே சென்றால் பெங்களூரின் எஸ்.பி. ரோடு. இவ்விரு கடைத்தெருக்களிலும் அத்தகைய பெட்டிகள் குவிந்துள்ளன. எடுத்துக்காட்டாக ஒன்றை வைத்துக்கொள்வோம். 2013இல் வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் நான்காம் தலைமுறைச் செயலியாகிய கோர் ஐ5-4570. 4 ஜிகாபைட் ராம். 500 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க். தனியான கிராபிக்ஸ் கார்டு இல்லை. (நம் ஊரில் பெட்டி முழுவதையுமே ‘சி.பி.யு.’ என்று வழங்குகின்றனர். அப்பெயர் உள்ளே தீப்பெட்டி அளவினும் சிறிதாக அமர்ந்திருக்கும் செயலி ஒன்றற்கே உரியது. கடைக்காரரோடு பேசும்போது இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளல் நலம்.)

முதலாவது அறியவேண்டுவது யாதெனில், கணினியின் வேகம் அதன் மிகச் சிறந்த உறுப்பினால் அமைவதன்று; மிகத் தாமதமான உறுப்பினால் அமைவது என்பதே. ஒரு டேனரியை எண்ணிக்கொள்ளுங்கள். அங்குள்ள டிரம்கள் நாளொன்றுக்கு 1,000 தோல்களுக்குக் குரோம் ஏற்றவல்லவை. ஆனால் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் தோல்களின் சதையை நீக்கும் இயந்திரம் ஒன்றே. அது நாளொன்றுக்கு 400 தோலையே முடிக்கும். முதலாளி கடன்பட்டு இன்னொரு டிரம்மை வாங்கி நிறுத்துகிறார். மறுநாள் வெளிவரும் தோல் எத்தனை? அதே 400. சதை நீக்கும் இயந்திரத்தண்டை தோல் மலைபோற் குவிந்திருக்க, புதிய டிரம் வெறிதே சுழலும்.

திரையில் அசைந்து தோன்றும் காட்சி, உண்மையில் அசையாச் சித்திரங்களின் வரிசையே. விநாடிக்கு 60 சித்திரங்கள் தோன்றினால் கண்ணுக்கு அசைவு ஒழுங்காகத் தோன்றும்; 30க்குக் கீழே இறங்கின் தட்டுத்தடுமாறும். விநாடிக்கு 60 எனில் ஒரு சித்திரத்தை ஆக்க உள்ள அவகாசம் 16.7 மில்லி விநாடி. அதற்குள் இரண்டு வேலைகள் நிகழ வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான், எறிந்த குண்டு எங்கே வீழ்ந்தது, கதவு திறந்ததா என்பனவற்றைக் கணக்கிட்டு, வரையவேண்டிய கட்டளைகளை எழுதுவது செயலியின் வேலை. அக்கட்டளைப்படி திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் வண்ணம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. கார்டு ஒரு சித்திரத்தைத் தீட்டிக்கொண்டிருக்கையிலேயே செயலி அடுத்ததற்குரிய கட்டளைகளை எழுதத் தொடங்குமாதலின், இருவருள் எவர் தாமதமோ அவருடைய நேரமே சித்திரத்தின் நேரமாகிறது. செயலிக்கு 25 மில்லி விநாடியும், கார்டுக்கு 10 மில்லி விநாடியும் ஆகுமாயின், விநாடிக்கு 40 சித்திரமே கிடைக்கும். இப்போது இருமடங்கு விரைவுள்ள கார்டை வாங்கி அந்த 10ஐ 5 ஆக்கினாலும், கிடைப்பது அதே 40. டேனரியின் புதிய டிரம் இதுவே.

இனி, நம் கணினியில் தடை எங்கேயுள்ளது என்று கண்டுபிடிப்பது எவ்வாறு? இதற்குக் காசு செலவில்லை. விளையாட்டின் அமைப்புப் பகுதிக்குள் சென்று, திரையின் புள்ளியளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைக்க வேண்டும். முன்னது 20,73,600 புள்ளிகள். பின்னது 9,21,600 மட்டுமே. கார்டின் வேலை பாதிக்கும் கீழாகக் குறைகிறது. செயலியின் வேலையோ சிறிதும் குறைவதில்லை, எதிரிகளின் எண்ணிக்கை அதேயாதலின். அங்ஙனம் குறைத்தபோது சித்திரங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால், தடையாயிருந்தது கார்டு. ஏறாமல் முன்போலவே நின்றால், தடை செயலி. கார்டுக்குச் செலவிடும் பணம் பாலாற்று மணலில் ஊற்றிய நீராகும். இச்சிறு சோதனையைச் செய்து பார்க்காமல் ரிச்சி தெருவுக்கு ரெயில் ஏறுவோர் மிகப் பலர்.

மூன்றாவது வகைத் தடையும் உண்டு. எண்ணிக்கை 50, 60 என்று நன்றாகவே இருக்கும். ஆனால் புதிய தெருவிற்குள் நுழையும்போதும், கூட்டம் திரளும்போதும், காட்சி அரை விநாடி உறைந்து நின்று பின் நகரும். இது பெரும்பாலும் ராம் போதாமையால் விளைவது. விண்டோசின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடினால், நினைவகம் முழுவதும் நிரம்பி, ஹார்ட் டிஸ்க் நூற்றுக்கு நூறு உழைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். ராமில் இடம் இல்லாதவற்றைக் கணினி டிஸ்கில் வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது பொருள். ஹார்ட் டிஸ்கோ நிமிஷத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு; ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் முள்ளின் கீழ் வர, சராசரி அரைச்சுற்றுக் காத்திருக்க வேண்டும். முள் நகர்வதற்காகும் நேரம் வேறு. ஒரு சித்திரத்துக்கு உள்ள மொத்த அவகாசமே 16.7 என்பதை மேலே கண்டோம்.

ஆகவே நமது எடுத்துக்காட்டுக் கணினியில் முதற் செலவு ராமிற்கே. 4 ஜிகாபைட் என்பது விண்டோசிற்கே இறுக்கமானது. 8 என்பது குறைந்த அளவு. 16 ஆயின் நிம்மதி. இங்கே ஒரு நுணுக்கம்: 16 வேண்டுமாயின் ஒரே அளவுள்ள இரண்டு 8 பட்டைகளாகப் பூட்டுதல் வேண்டும். டி.டி.ஆர்.3 வகையில் 1600 என்று குறிக்கப்பட்ட ஒரு பட்டை விநாடிக்கு 12.8 ஜிகாபைட் செய்தியைக் கொண்டுசெல்லும். இரண்டு பட்டைகள் இரு வழிகளாக இயங்கி 25.6 கொண்டுசெல்லும். தனிக் கார்டு இல்லாத கணினியில், செயலியினுள் அமைந்த கிராபிக்ஸ் பகுதியும் இதே ராமையே தனக்கும் உபயோகித்துக்கொள்ளுவதால், இரு வழியின் பயன் அங்கே மிகுதி. டி.டி.ஆர்.4 பட்டை பழைய மதர்போர்டில் பொருந்தாது. வெட்டுக்குழி வேறிடத்தில் உள்ளது. அழுத்திப் பொருத்த முயலுவோர் பட்டையையும் பலகையையும் ஒருசேர இழப்பர்.

இரண்டாவதாக எஸ்.எஸ்.டி. இதில் சுழலுவதும் நகருவதும் எதுவுமில்லை. விளையாட்டுத் திறக்கும் நேரமும், ஒரு களத்திலிருந்து மற்றொரு களத்திற்குச் செல்லும் நேரமும் வெகுவாகக் குறையும். விநாடிக்கு எழும் சித்திரங்களின் எண்ணிக்கையை இது உயர்த்தும் என்று சிலர் சொல்வது உண்மையன்று. பழைய பலகைகளுக்குச் சாட்டா வகையே போதும். அதன் உச்ச வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட். என்.வி.எம்.இ. என்னும் விரைவான வகையை அதிக விலை கொடுத்து வாங்கினால், அக்காலத்துப் பலகைகள் பலவற்றிற்கு அதிலிருந்து கணினியைத் தொடங்கவே தெரியாது.

இனிக் கிராபிக்ஸ் கார்டு. பெரும்பொருள் செலவாவதும், பெருந்தவறு நேர்வதும் இங்கேதான். அலுவலகப் பெட்டிகளிலுள்ள எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின் வழங்கும் பெட்டி சாதாரணமாக 250 முதல் 300 வாட் வரை தரவல்லது. டெல், எச்.பி., லெனோவோ முதலிய நிறுவனங்களின் அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் இதன் உருவமும் இணைப்புமுனையும் அந்நிறுவனத்திற்கே உரிய தனிவகை. கடையில் கிடைக்கும் பொதுவகை எஸ்.எம்.பி.எஸ். அங்கே பொருந்தாது. ஆதலின் கார்டு மின்பெட்டிக்கு இணங்க வேண்டுமேயன்றி, மின்பெட்டி கார்டுக்கு இணங்காது. மதர்போர்டிலுள்ள கார்டுத் துவாரம் தானே 75 வாட் வரை தரும். தனிக்கம்பி வேண்டாமல் அந்த 75 வாட்டிற்குள் அடங்கும் கார்டே இத்தகைய பெட்டிக்கு உரியது. கணக்கிட்டுப் பார்ப்போம்: செயலி 84, கார்டு 75, பலகையும் டிஸ்கும் விசிறியும் சேர்ந்து 50 என்று தாராளமாகவே வைத்தாலும் 209. 290 வாட் மின்பெட்டிக்கு இது சுமையன்று.

இவ்வரம்புக்குள் அடங்குவன, 2019இல் வந்த என்விடியா ஜி.டி.எக்ஸ். 1650 (தனிக்கம்பி வேண்டாத வகை), 2024இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 இன் 6 ஜிகாபைட் வகை முதலியன. பெட்டி மெலிந்த உருவினதாயின் உயரம் குறைந்த கார்டையே கேட்டு வாங்க வேண்டும். அளவுகோலால் அளந்துகொண்டு செல்வது உத்தமம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 6400 என்பதும் 53 வாட்டிற்குள் அடங்குவதே. ஆனால் அது பலகையோடு பேசுவது நான்கே தடங்களின் வழியாக. நான்காம் தலைமுறைத் துவாரத்தில் அது போதும். நம் பழைய பலகையிலுள்ளது மூன்றாம் தலைமுறைத் துவாரம். ஒவ்வொரு தடத்தின் வேகமும் அங்கே பாதி. ஆகையால் புதிய கணினியில் சோதித்துப் பார்த்தோர் புகழ்ந்த கார்டு, பழையதில் பூட்டியபோது ஏமாற்றம் தருகிறது. இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் வகைக் கார்டுகளுக்கோ, ரீசைஸபிள் பார் என்னும் வசதி பலகையில் இருத்தல் வேண்டும். அஃதில்லாத பழைய கணினியில் அவை தம் ஆற்றலில் பெரும்பகுதியை இழக்கும். பழைய கணினிக்குக் கார்டு வாங்குவோர், அது பழைய கணினியில் எப்படி ஓடிற்று என்பதையே விசாரித்தல் வேண்டும்.

கைமாறிய கார்டுகளைப் பற்றியும் ஒரு சொல். எத்தீரியம் என்னும் மின்நாணயம் 2022 செப்டம்பர் வரை கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு ஈட்டப்பட்டு வந்தது. அம்முறை நின்றவுடன், மாதக்கணக்கில் இரவு பகலாக உழைத்த கார்டுகள் உலகெங்கும் கடைத்தெருவுக்கு வந்தன. அவையெல்லாம் கெட்டவை என்பதற்கில்லை. விசிறி தேய்ந்தும், வெப்பப் பசை காய்ந்தும் இருக்கக்கூடும். வாங்குமுன் அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டா. என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்குரிய மென்பொருள் வெளியீடு 2025 அக்டோபரோடு முடிந்தது. இனி அவற்றிற்குப் பாதுகாப்புத் திருத்தங்களே வரும். விலை மலிவாகத் தோன்றினும் இதனை மனத்திற்கொண்டே பேரம் பேசுக.

நமது சீதோஷ்ணத்தையும் கருதாதிருத்தல் இயலாது. மேமாதத்தில் வேலூரில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது யாவரும் அறிந்தது. செயலியின் சூடு அறையின் சூட்டின் மேல் ஏறுவதாதலின், குளிர்நாட்டாரின் அளவுகள் நமக்குச் செல்லா. நான்காம் தலைமுறைச் செயலி 100 பாகையை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்தாண்டுத் தூசியும் காய்ந்துபோன பசையும் உள்ள கணினி கோடையில் மந்தமாவதற்கு இதுவே காரணம். தூசியைத் தட்டிப் பசையைப் புதிதாக இடுவது சில நூறு ரூபாய் வேலை. மற்றெல்லாவற்றிற்கும் முன்னரே செய்யத்தக்கது.

டேனரிகளின் அருகே வசிப்போருக்கு வேறொரு கவலையும் உண்டு. மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கப்படும் சோடியம் சல்பைடு, கழிவில் அமிலத்தோடு கலக்க நேரின் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. வீட்டு வெள்ளிப் பாத்திரத்தைக் கருக்கச் செய்யும் அதே வாயு, மதர்போர்டிலுள்ள செம்பையும் வெள்ளியையும் நாளடைவில் அரிக்கும். அத்தகைய இடத்தில் இருந்த கணினி காரணமின்றி நின்று நின்று ஓடுமாயின், புதிய உறுப்பு எதனையும் வாங்குமுன் இணைப்புகளைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். ராம் பட்டையின் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். மேலுள்ள பொன்முலாம் மிக மெல்லியதாதலின், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பதே தக்கது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட்; உள்ளிருக்கும் கெபாசிட்டர்கள் கம்பியைப் பிடுங்கிய பின்பும் அவ்வளவு அழுத்தத்தைச் சிறிது நேரம் தம்மிடம் வைத்திருக்கக்கூடும்.

இவ்வளவும் செய்த பின்னரும் சில கதவுகள் திறவா. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 14-10-2025இல் முடிந்தது. தனிமனிதர்க்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளுள் எட்டாம் தலைமுறையினின்றே முறைப்படி ஏற்கும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் கேட்கும். வாலரண்ட் எளிய கணினியிலும் ஓடும்படி அமைந்த விளையாட்டே. எனினும் விண்டோஸ் 11இல் அதுவும் அவ்வுறுப்பு இன்றித் திறவாது. லினக்ஸிற்கு மாறலாம் என்பர். 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் என்னும் கருவியால் விண்டோஸ் விளையாட்டுகள் பல அங்கே நன்கு ஓடுகின்றன என்பது மெய். ஆனால் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளையுடைய பல போட்டி விளையாட்டுகள், வாலரண்ட் உட்பட, அங்கே ஓடா. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து கணக்கிடும் தனியுறுப்பு இல்லாத கார்டை அடியோடு மறுக்கிறது, ஜி.டி.எக்ஸ். 1650 அங்கே பயன்படாது.

ஆகவே ஆடவிரும்பும் விளையாட்டு எது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு கணக்கிடுதல் வேண்டும். 2015இல் கணினிக்கு வந்த ஜி.டி.ஏ. 5 இன் பழைய பதிப்பைப் போன்றவற்றிற்கு, ராமும் எஸ்.எஸ்.டி.யும் ஒரு சிறு கார்டும் சேர்ந்தால் நம் ஐ5 இன்னும் போதும். புள்ளியளவைச் சோதனையில் செயலியே தடையென்று தெரிந்தால், அதே பலகையில் பொருந்தும் ஐ7-4770 கைமாறிய விலையில் கிடைக்கும். கருக்கள் நான்கேயாயினும் அது எட்டு வேலைகளை ஒரே சமயத்தில் நடத்தும். ஆயின் அதற்கு ஒரு விலை, டி.டி.ஆர்.3 ராமிற்கு ஒரு விலை என்று கூட்டிக்கொண்டே போகுமுன், எட்டாம் தலைமுறை ஐ5-8500 உள்ள மற்றோர் அலுவலகப் பெட்டியின் விலையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அதில் ஆறு கருக்கள். விண்டோஸ் 11 முறைப்படி ஓடும். இரண்டு விலைக்கும் வேறுபாடு சிறிதாயின், பழையதை அப்படியே விற்றுவிட்டு அதனை வாங்குவதே என் அபிப்பிராயம். எஸ்.எஸ்.டி.யும் கார்டும் அதிலும் பொருந்துமாதலின் அவற்றிற்கு இட்ட பணம் கெடாது. ராமிற்கும் செயலிக்கும் இட்டதே கெடும். 2025இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியபின், ராம் சேர்ந்தே வரும் பழைய பெட்டிகளுக்கு மதிப்புக் கூடியது என்பதையும் கணக்கில் வைக்கலாம்.

கழற்றிய உறுப்புகள் மீதமிருக்கும். 500 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க் கெடாதிருந்தால் அதனை எறிய வேண்டா. இரண்டாவது டிஸ்காகப் பெட்டியிலேயே பூட்டிவைத்தால் பாடங்களுக்கும் படங்களுக்கும் இடமாகும். வீங்கிய கெபாசிட்டருள்ள பலகைகளையும் எரிந்துபோன எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது வழக்கம். அவற்றிலுள்ள செம்புக்காகக் கம்பிகளைத் தெருவோரத்தில் எரிப்பது எங்கும் நடப்பது. பாலாற்றில் கலந்த டேனரிக் கழிவைப் பற்றி நம் வேலூர்க் குடிமக்கள் மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவனே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை உச்சநீதிமன்றம் 1996இல் ஏற்றுத் தீர்ப்பளித்தது. மின்னணுக் கழிவுக்கு 2022ஆம் ஆண்டின் விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரைக் கொண்டு பழைய பொருளை ஒழுங்காகக் கழிக்கச் செய்யும் பொறுப்பு அதனை உற்பத்தி செய்தவரைச் சேர்ந்தது. ஆகையால் கழித்த பலகையை ஒரு பையிலிட்டு வைத்திருந்து, அடுத்த முறை சென்னைக்குச் செல்லும்போது அத்தகைய சேகரிப்பிடத்தில் ஒப்படைக்கலாம். ஹார்ட் டிஸ்கையும் உடன் கொடுப்பதாயின், அதிலுள்ள குடும்பப் புகைப்படங்களையும் வங்கிக் காகிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, டிஸ்கை முழுவதும் அழித்த பின்னரே கொடுக்க.